இரண்டாம் ஷிப்ட் கேட்ட கச்சேரி

கச்சேரி செய்ய வந்த கலைஞரைச் சமையல் கொட்டகைக்கு அனுப்பிவைத்த ஆள் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வேறு யாரேனும் இருந்தால் ஆசிரியருக்கு எழுதிப் போடுங்கள். சங்கம் ஆரம்பிக்கலாம். தலைவர் பதவி மட்டும் எனக்கு.

போன வாரம் பேச்சிலர் குவார்ட்டர்சில் நான் வைத்த ரசத்தைப் பற்றி எழுதியதும், "இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஏதாவது செய்திருக்கிறீர்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, ரசம் வெறும் முன்னுரை.

நடந்தது நெய்வேலியில். எழுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பிளாக் மனமகிழ் மன்றத்தின் ஆண்டு விழா. நான் துணைச் செயலாளர். வேலைகள் எனக்கு, மாலைகள் செயலாளருக்கு என்று ஏற்பாடு.

ஜலதரங்கக் கச்சேரி என்று நோட்டீசு போட்டிருந்தோம். வாசிக்கிறவர் பெயரைத் தவிர, ஆள் எப்படி, எந்த ஊர் என்று மன்றத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஜலதரங்கம் எப்படி இருக்கும் என்பது எனக்கும் தெரியாது. ஆனால் கேட்டவர்களிடமெல்லாம், "அடடா, அது ஒரு தனி வாத்தியம்" என்று தலையை ஆட்டிவைத்தேன். தனியாக இல்லாத வாத்தியம் எது?

வரவேற்பதற்காகக் காலையிலேயே பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். என் மனதில் ஓர் உருவம் தயாராக இருந்தது: சரிகை அங்கவஸ்திரம், வெற்றிலைச் செல்லம், பின்னால் பயந்த முகத்தோடு ஒரு சீடன்.

விருத்தாசலம் பஸ் வந்தது. முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் இறங்கினார். நூல் புடவை, இடுப்பில் செருகிய முந்தானை. கூட ஒரு தம்பி. பஸ் மேலிருந்து ஒரு மரப்பெட்டி இறங்கியது. மூடி இடுக்கில் வைக்கோல்.

"மெதுவா, மெதுவா. உள்ள அத்தனையும் பீங்கான் கிண்ணம்" என்றார் அந்த அம்மாள்.

மதியச் சாப்பாட்டுக்கு வாடகைக் கிண்ணம் சொல்லியிருந்தோம். என் மூளை அந்த இடத்திலேயே வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. தம்பியின் தோளில் உறை போட்ட உருளையாக ஏதோ தொங்கியது. குழவிக்கல் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய குழவிக்கல்லால் எந்த ஊரில் அரைப்பார்கள் என்று கேட்க வேண்டிய மூளைதான் வீட்டில் இருந்ததே.

"நேரா போங்க. மன்றத்துக்குப் பின்னாடி கொட்டகை. கிண்ணத்தை எல்லாம் ஒரு தடவ கழுவி வச்சிருங்க" என்றேன்.

அந்த அம்மாள் என்னை ஒரு கணம் பார்த்தார். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் இன்னும் இரண்டு பஸ்சுக்கு நின்றேன்.

கோவிந்தராசு விட்ட பந்தி

இந்தக் கச்சேரிக்குக் காரணம் என் நண்பன் கோவிந்தராசு. முத்தாண்டிக்குப்பத்துக்காரன். வீட்டுக்கு முந்திரித் தோப்பு உண்டு, அவனுக்கு மைன்சில் கன்வேயர் பெல்ட் ஃபிட்டர் வேலை. நான் டைம் ஆபீஸ் கிளார்க். வேலைக்கு வருகிறவர்களின் பெயருக்கு எதிரே 'லேட்' என்று எழுதுவது என் திருப்பணி. ஒருநாள் அவனுக்கும் லேட் போட்டேன். சண்டைக்கு வந்தவன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். அப்படித் தொடங்கிய சிநேகம்.

நான் திருநெல்வேலிக்காரன். என் 'வே'யை அவன் கிண்டல் செய்வான், அவன் 'கினு'வை நான். இரண்டு பேர் தமிழும் சேர்ந்து கெட்டுப்போய் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தவன் சொன்னான்: "மாமன் பொண்ணு கல்யாணத்துல ஜலதரங்கம்னு ஒண்ணு வாசிச்சிகினு இருந்தாங்கய்யா. சவுந்தரம்னு பேரு. எல போட்டதும் ஒரு ஆளு இல்ல. அத்தினி பேரும் எந்திரிச்சி ஓடிட்டான். நான் மட்டும் குந்திகினு கேட்டன்."

"சாப்பிடலையா?"

"ரெண்டாவது பந்தியும் போச்சி."

நான் அவனை ஏற இறங்கப் பார்த்தேன். கோவிந்தராசு பந்தியை விட்டான் என்றால் அது சாதாரண சங்கீதமாக இருக்க முடியாது. சவுந்தரம் என்பது ஆண் பெயர் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அவன் அதோடு நிற்கவில்லை. பண்ருட்டியில் அவர்கள் முந்திரிக்கொட்டை போடுகிற மண்டியின் முதலாளி, கோயில் திருவிழாவுக்குப் பத்து நாள் கச்சேரி ஏற்பாடு செய்கிறவர். அவரிடம் போய், ஒருநாள் சவுந்தரத்துக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான்.

"கல்யாண வூட்டுல வாசிக்கிறது வேற, திருவிழா வேறப்பா" என்றாராம் மண்டிக்காரர். "மூணு மணி நேரம் சனம் எந்திரிக்காம குந்தியிருக்கணும். குந்துவாங்களா? எங்கன்னா ஒரு எடத்துல காட்டு. அஞ்சாம் திருநாள் தர்றன்."

காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு என்னிடம் வந்தான். மன்றத்தில் பேசி ஞாயிறு காலை நேரத்தை வாங்கினேன். மாலையில் சினிமா போடுவதால் அது யாருக்கும் வேண்டாத நேரம். கூட்டம் சேர்ப்பதும் என் பொறுப்பாயிற்று.

டவுன்ஷிப்பின் கிழமைகள்

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்து நெய்வேலியில் ஞாயிறு, திங்கள் என்று கிழமைகள் இருந்தது பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் மட்டும்தான். மற்றவர்களுக்கு முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், நைட் ஷிப்ட். நைட் முடித்தவர் தூங்குகிற வீட்டைத் தாண்டும்போது பிள்ளைகள் சைக்கிள் மணி அடிக்க மாட்டார்கள்.

எங்கள் தெருவில் இரண்டு பேருக்குக் குழாயடிச் சண்டை முற்றி, கை ஓங்குகிற சமயம் பஸ் வந்துவிட்டது. "டூட்டி முடிச்சிட்டு வந்து வச்சிக்கிறன்" என்று ஒருவர் ஏறிப்போனார். மற்றவர் அவருடைய டிபன் கேரியரை எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். சண்டை சண்டைதான், ஷிப்ட் ஷிப்ட்தான்.

நானும் ஷிப்ட் வைத்துத்தான் கூட்டத்தைக் கணக்குப் போட்டேன். முதல் ஷிப்ட்காரர்கள் சுரங்கத்துக்குள். நைட்காரர்கள் தூக்கத்துக்குள். ஆபீஸ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசைக்குள். மிச்சம் இருப்பது இரண்டாம் ஷிப்ட். பஸ் ஒன்றே காலுக்கு. அதுவரை சும்மாதான் இருப்பார்கள்.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: "யூனிஃபார்ம் போட்டு, டிபன் கேரியரோட வந்துருங்க. பத்து மணிக்கு ஆரம்பிச்சுப் பன்னெண்டரைக்கெல்லாம் முடிஞ்சிரும். பஸ் மன்றத்து வாசல்லயே நிக்கும்."

வந்தவர்கள் அத்தனை பேரையும் முன்வரிசைகளில் உட்காரவைத்தேன், மண்டிக்காரர் கண்ணுக்கு நிறைவாக இருக்கட்டும் என்று. நெய்வேலியின் தலைசிறந்த மூளை என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

வாசிக்கிறவரிடம் இதை ஒரு வார்த்தை சொல்லிவைக்கத் தோன்றவில்லை. சாயங்காலம் இருட்டும் என்று விருந்தாளியிடம் யாராவது சொல்லிவைப்பார்களா?

கழுவிய கிண்ணங்கள்

கோவிந்தராசு பண்ருட்டியிலிருந்து மண்டிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான். ஒல்லியான மனிதர், வெள்ளை வேட்டி, கையில் குடை.

"அந்தம்மா எங்கய்யா?" என்றான்.

"எந்தம்மா? வித்வானைத்தான் இன்னும் காணல."

"யோவ், வாசிக்கிறவங்களே அந்தம்மாதான்யா! பேரச் சொன்னனே! ஒரு பெட்டி, ஒரு தம்பி…"

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "எங்கய்யா அனுப்பின?" என்றான். நான் கொட்டகையை நோக்கி விரலை நீட்டினேன். அவன் ஓடினான். நான் பின்னால் ஓடினேன்.

சவுந்தரம் அம்மாள் கவிழ்த்துப் போட்ட அண்டா மேல் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். கிண்ணங்கள் பளபளவென்று கழுவித் துண்டின் மேல் கவிழ்த்திருந்தன. தம்பி மிருதங்கத்தை மடியில் வைத்தபடி என்னை முறைத்தார். அந்தக் குழவிக்கல்லால் ஒரு போடு போட்டிருந்தால்கூடத் தப்பில்லை.

"அம்மா… நான்… பெட்டியப் பாத்து…"

"எப்படியும் கழுவணும்ல? அத ஏங்க பெருசா எடுத்துக்கிறீங்க" என்றார். "கல்யாண வீட்டுல கடைசிப் பந்தி முடிஞ்சாதான் எங்களுக்குச் சாப்பாடு. இங்க வந்ததும் காபி குடுத்துட்டாங்க."

பிறகு குரலைத் தணித்துக் கோவிந்தராசுவிடம் கேட்டார். "அவரு வந்துட்டாருங்களா?"

"வந்துட்டாருங்க. கூட்டமும் நெறைய."

"உக்காந்து கேக்குற கூட்டம்தானே? நான் வாசிக்க வந்து பதினஞ்சு வருசமாச்சு. உக்காந்து கேக்குற கச்சேரி ஒண்ணுகூடக் கெடைக்கல." ஈரக் கையைப் புடவையில் துடைத்தார். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அசைய மாட்டாங்கம்மா. என் பொறுப்பு" என்றேன் நான். என் வாயில் அப்படி என்ன சனியோ.

பஸ் ஹாரன்

பத்து மணிக் கச்சேரி பத்து மணிக்குத் தொடங்கவில்லை. விழாவுக்கு வந்த அதிகாரி சிறுசேமிப்பைப் பற்றிப் பேசினார். பிறகு சிக்கனத்தைப் பற்றி. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்பதைப் பற்றி. அப்புறம் ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து ஓடியவர்களுக்குப் பரிசு. மேடையில் கிண்ணங்கள் ஏறும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. நான் சந்தோஷமாகக் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

பெரிய கிண்ணம் இடது கோடியில், வரவரச் சின்னதாகி வலது கோடியில் சந்தனக் கிண்ணம் அளவு. அரைவட்டமாக அடுக்கி, செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி, குச்சியால் தட்டிப் பார்த்து, கரண்டியால் கொஞ்சம் எடுத்தார், கொஞ்சம் விட்டார். காற்றில் தண்ணீர் அலைபாயும் என்று மேடை மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. அது கிண்ணத்தில் விழுந்துவிடாமல் அடிக்கடி தோளில் துடைத்துக்கொண்டார்.

"ஓட்டல் வைக்கப் போறாங்களா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். சிரிப்பு.

முதல் தட்டு விழுந்தது. சிரிப்பு நின்றது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்ல? கோடையில் மண்பானைத் தண்ணீர் தொண்டையில் இறங்குமே, அதற்குச் சத்தம் இருந்தால் அப்படி இருக்கும். குச்சி நுனியால் தண்ணீரை லேசாகத் தொட்டால் ஸ்வரம் வளைந்து அடுத்த கிண்ணத்துக்குப் போனது. மிகச் சின்னச் சத்தம். அதைப் பிடிப்பதற்காகவே அத்தனை பேரும் முன்னால் குனிந்தார்கள்.

நான் ரசிகன் என்று காட்டத் தாளம் போட்டேன்.

"தொடைய ஏன்யா அட்ச்சிக்கிற? கொசுவா?" என்றான் கோவிந்தராசு.

மூன்றாம் உருப்படி முடிந்து மோகனத்தை விரிக்கத் தொடங்கினார். மண்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். குடைப்பிடியில் ஒரு விரல் மட்டும் ஆடியது. அஞ்சாம் திருநாள் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

வாசலில் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது.

முன்வரிசை எழுந்தது. அடுத்த வரிசை எழுந்தது. சத்தம் போடக்கூடாது என்று பூட்ஸ் காலை நுனியில் ஊன்றி, டிபன் கேரியரை நெஞ்சோடு அணைத்து, எத்தனையோ மரியாதையாகத்தான் போனார்கள். ஆனால் மேடையிலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது ஒன்றுதான். சனம் எழுந்து போகிறது.

குச்சி நின்றது.

"பந்தி போட்டுட்டாங்களா?" என்றார் சவுந்தரம் அம்மாள். மைக்கில் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை.

நான் பாய்ந்து போய் வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தேன். "ஒரு பத்து நிமிசம் இருங்கய்யா! ஒரு பொம்பளையோட பொழப்பு!"

"நீ சொல்லுவ சாரு" என்றார் முன்னால் வந்த டிரில்லர் ஆரோக்கியம். "நாங்க இங்க குந்திகினு இருந்தா, அங்க லேட் மார்க் போடறது யாரு? உங்காபீசுதான? போன வாரம் ரெண்டு நிமிசத்துக்கு எனக்குப் போட்டியே!"

கை தானாக இறங்கியது. அவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்களோடு மண்டிக்காரரும் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

"பாத்தியாப்பா?" என்றார் என்னிடம். "கல்யாண வூடு மாதிரியே எந்திரிச்சிட்டாங்க."

உள்ளே கோவிந்தராசு மேடையருகே போயிருந்தான். அவன் குரல் எனக்குக் கேட்டது. "கோவத்துல போவலம்மா. ஷிப்டு. இவங்க எறங்கினாதான் கீழ இருக்கறவங்க மேல ஏற முடியும். மிசின நிறுத்த முடியாது."

"திரும்பி வருவாங்களா?"

"இவங்க வர மாட்டாங்க. ஆனா மேல ஏறி வர்றவங்க வருவாங்க. நான் கூட்டியாறன். நீங்க நிறுத்திடாதீங்க."

உள்ளே மிச்சம் இருந்தது பத்துப் பதினைந்து பெண்கள், மடியில் தூங்குகிற பிள்ளைகள். பிறகு கரண்டியில் தண்ணீர் அள்ளி ஊற்றுகிற சத்தம். மோகனம் விட்ட இடத்திலிருந்து மெல்லக் கிளம்பியது.

ரூல்ஸ்

மண்டிக்காரர் பண்ருட்டி பஸ்சுக்கு நடக்கத் தொடங்கினார். நான் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு போனேன். மன்றத்துச் சுவரின் ஓரம் திரும்பியதும் அவர் நின்றார்.

ஷிப்ட் பஸ் கிளம்பவில்லை. கொஞ்சம் முன்னால் வந்து, மன்றத்தின் பக்கவாட்டு ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. உள்ளே இருந்த எல்லாரும் மன்றத்துப் பக்க ஜன்னல்களில் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாரத்தில் பஸ்சே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆரோக்கியம் கன்னத்தில் கை வைத்திருந்தார்.

டிரைவர் பெருமாள் கீழே இறங்கி, டயரைக் காலால் எத்தி எத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டயரையும் பெண் பார்ப்பதுபோல நிதானமாக.

"இன்னாப்பா, வண்டி ரிப்பேரா?" என்றார் மண்டிக்காரர்.

"ஸ்ஸ்" என்றார் பெருமாள். "காத்துப் பாக்கறங்க."

"கச்சேரி புடிக்காமதான எந்திரிச்சி வந்தாங்க?"

"புடிக்கலன்னா ஏங்க எஞ்சின நிறுத்திட்டு நிக்கிறன்?" என்றவர் என்னைப் பார்த்து, "ஆளு லேட்டா வந்தா லேட் மார்க்கு. கம்பெனி பஸ்சே லேட்டுன்னா ஒருத்தருக்கும் கிடையாது. ரூல்சு, இல்லீங்க சார்?" என்றார்.

ரூல்ஸ்தான். வருஷக்கணக்கில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அது நினைவுக்கு வரவே இல்லை.

மண்டிக்காரர் குடையை மடக்கினார். பஸ்சின் நிழலில் ஒதுங்கி நின்றார். உள்ளே கிண்ணங்கள் மேல்நோக்கி ஏறி ஏறிப் போயின. மோகனம் முடிந்ததும் பஸ்சுக்குள்ளிருந்து கைதட்டல் எழுந்தது. ஜன்னல் வழியாக மேடையில் சவுந்தரம் அம்மாள் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. அந்தத் தலைகளை அவர் பார்த்தார். கையில் இருந்த குச்சியோடு கும்பிட்டார்.

"இனிமே நின்னா எனக்கு மெமோ" என்றார் பெருமாள். உள்ளே அடுத்த உருப்படி தொடங்கிவிட்டது. சாவியில் கையை வைத்தவர் எடுத்துவிட்டார். "ஸ்டார்ட் பண்ணா இந்தச் சத்தத்துல அது செத்துப்புடும். எறங்குங்கய்யா."

இறங்கினார்கள். பூட்ஸும் காக்கியுமாக ஐம்பது பேர் பஸ்சின் பின்னால் கை கொடுத்துத் தள்ளினார்கள். "ஐலேசா" போட வாயைத் திறந்த ஒருவரின் வாயைப் பக்கத்திலிருந்தவர் பொத்தினார். பெரிய வண்டி பூனைபோலத் தெருமுனை வரை போனது. மண்டிக்காரர் குடையை என்னிடம் நீட்டிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார், அவரும் ஒரு கை கொடுத்தார். முனை திரும்பி வெகுதூரம் போன பிறகுதான் எஞ்சின் கிளம்பியது.

திரும்பி வந்து அவர் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

இரண்டரை வாக்கில் கோவிந்தராசு முதல் ஷிப்டைக் கூட்டிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் கரித்தூள், கண் மட்டும் வெள்ளை. நாற்காலி அழுக்காகும் என்று பின்னால் சுவரோரம் நின்றார்கள். சவுந்தரம் அம்மாள் குச்சியால் முன்வரிசையைக் காட்டினார். வந்து உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நாங்கள் மதியச் சாப்பாடு சாப்பிடும்போது சாயங்கால சினிமாவுக்குத் திரை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அஞ்சாம் திருநாள்

கிண்ணங்களை வைக்கோலில் வைத்துக் கட்டுகிற இடத்துக்கு மண்டிக்காரர் போனார். உள்ளங்கையில் இன்னும் பஸ்சின் அழுக்கு இருந்தது.

"மிருதங்கம் தம்பியே வாசிக்கட்டும். வயலினுக்கு ஆளு நாங்க சொல்லிடறோம். வாசிக்கறப்ப எந்தப் பக்கமும் பந்தி கிடையாது, அத நான் பாத்துக்கறன்" என்றார்.

சவுந்தரம் அம்மாள் தலையை மட்டும் அசைத்தார். ஏற்கெனவே சுற்றிவைத்த கிண்ணத்தை எடுத்துப் பிரித்து, மறுபடியும் சுற்றினார். கோவிந்தராசு எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சினான். கரித்தூளாக இருக்கும்.

பஸ் நிறுத்தம் வரை குடையோடு மண்டிக்காரர் கூடவே நடந்தேன். மனசு நிறைந்திருந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஐயா, கூட்டத்தப் பத்திக் கவலையே படாதீங்க. பண்ருட்டிக்கும் நானே ஆள் சேத்துக் கூட்டிட்டு வந்துர்றேன்" என்றேன்.

பண்ருட்டி பஸ் வந்து நின்றது. அவர் குடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"நீ வராம இருந்தாப் போதும்."